பந்து எறிந்ததும் அல்ல, பட்டதும்

தம்பி, காரைக்குடிக் கூடைப்பந்துப் போட்டியில் முதல்முறையாக நேரம் பார்க்க உட்கார்ந்தபோது, எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை எறிந்த உடனே கடிகாரத்தை ஓடவிட்டதாகவும், பயிற்சியாளர் சண்டைக்கு வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னதுதான் சரி. எறிபவரின் கையைப் பார்க்காதீர்கள். மைதானத்துக்குள் நிற்பவரின் கையைப் பாருங்கள். பந்து அங்கே பட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். யார்மீதும் படாமல் குறுக்கே ஓடி வெளியேறினால், நேரம் துளியும் குறையக் கூடாது.

ஆட்டத் தொடக்கத்தில் இருவர் பந்துக்காகத் துள்ளும் ஜம்ப் பாலிலும் இதே கதைதான். நடுவர் பந்தை மேலே விடும்போது ஆட்டம் தொடங்குகிறது. கடிகாரமோ, துள்ளியவர் அதை முறையாகத் தட்டும்போதுதான்.

கடைசி ஃப்ரீ த்ரோ (தடுப்பாரின்றிக் கூடைக்கு எறியும் வாய்ப்பு) தவறும்போதுதான் விரல் ஏமாற்றும். தேவகோட்டையில் ஒரு மாலை, வளையத்தில் பந்து மோதிய 'டங்' சத்தத்திலேயே அழுத்திவிட்டேன். பந்து இரண்டு முறை துள்ளி, அதன் பிறகே ஒருவர் கைக்கு வந்தது. அந்த இடைவெளி தோற்ற அணியின் நேரம், இன்றும் உறுத்துகிறது. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி, எறிதலுக்குப் பின் பந்தைப் பிடித்துக் கூடைக்கு எறியக் குறைந்தது 0.3 நொடி வேண்டும். 0.2 என்றால் தட்டிவிடவோ நேராகக் கூடைக்குள் திணிக்கவோ மட்டுமே முடியும். நீங்கள் அவசரப்பட்டால் ஓர் அணியின் கடைசி வாய்ப்பே போய்விடும்.

நடுவர் உயர்த்திய கையைக் கீழே வெட்டி இறக்குவதும் உங்களுக்கான சைகைதான். அடுத்த ஆட்டத்துக்கு முன் அவரிடம் இதைப் பேசிக்கொள்ளுங்கள்.