பழைய அமெரிக்க மசில் கார் (நடுத்தர அளவு வண்டியில் பெரிய இன்ஜின் போட்ட வேகமான கார்) நன்றாகப் பராமரிக்கப்பட்டிருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? பாண்டியாக் ஜி.டி.ஓ.வுக்கு மட்டும் ஏன் அவ்வளவு மதிப்பு?

டிக்கியை வைத்துத்தான். கையில் பணம் இருந்தால் வெளிப் பெயின்டை யார் வேண்டுமானாலும் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடலாம். டிக்கியைத் திறந்து, உள்ளே விரித்திருக்கும் பாயைத் தூக்கிவிட்டு, ஸ்பேர் டயர் பக்கத்துத் தகட்டையும் பின்கண்ணாடியின் அடி ஓரத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த வண்டி அறுபது வருடம் எப்படி வாழ்ந்தது என்று அங்கே எழுதியிருக்கும். தண்ணீர் முதலில் புகுவது பின்கண்ணாடி ஓரத்தில்தான். அது டிக்கித் தரையில் தேங்கி, பிறகு பின்சக்கரத்துக்கு மேலே உள்ள பாடித் தகட்டைத் தின்ன ஆரம்பிக்கும்.

நான் டெட்ராய்ட்டை ஒட்டிய ஒரு புறநகரில் இருக்கிறேன், வாகனத் துறையில் வேலை. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் 1965 பாண்டியாக் ஜி.டி.ஓ. வைத்திருக்கிறார். எனக்கு இந்தக் கார் மேல் பித்து பிடித்ததே அவரால்தான். அதனால் கேள்வியின் இரண்டாவது பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாண்டியாக் என்பது மிச்சிகனில் உள்ள ஊர். 1763-இல் டெட்ராய்ட் கோட்டையை முற்றுகையிட்ட ஒடாவா பழங்குடித் தலைவரின் பெயர்தான் அந்த ஊருக்கு. அங்கே 1907-இல் தொடங்கிய ஓக்லாந்து கம்பெனியை ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியது. 1926-இல் ஓக்லாந்துக்குத் துணையாக பாண்டியாக் என்ற மலிவான காரை விட்டார்கள். அது ஓக்லாந்தையே விழுங்கிவிட்டது. 1930-களின் தொடக்கத்தில் ஓக்லாந்து இல்லை, பாண்டியாக் மட்டும்தான். ஆனால் 1950-களின் நடுவில் அது வயதானவர்கள் வாங்கும் சாதுவான வண்டி என்ற பெயரோடு நின்றது. 1956-இல் பொறுப்புக்கு வந்த பங்கி நுட்சன் பானெட் மேல் ஓடிய வெள்ளிப் பட்டைகளை எடுத்தார், கார்களைப் பந்தயத்துக்கு அனுப்பினார், 1959-இல் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தைக் கூட்டி அதையே விளம்பரமாக்கினார். இளைஞர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

1963 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை தன் பிரிவுகள் எதுவும் பந்தயத்தில் ஈடுபடக் கூடாது என்று உத்தரவு போட்டது. பந்தயத்தால் பெயர் வாங்கிய பாண்டியாக்குக்கு அது வயிற்றில் அடித்த மாதிரி. அப்போது அங்கே தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியன். டெம்பெஸ்ட் என்ற நடுத்தர அளவுக் காரை மேலே தூக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவரோடு இருந்த பில் காலின்ஸ் ஒரு விஷயத்தைச் சுட்டிக் காட்டினார். அந்தக் காரில் இருக்கும் 326 கன அங்குல வி8 இன்ஜினும், பெரிய கார்களில் போடும் 389 இன்ஜினும் வெளி அளவில் ஒன்றுதான். மாட்டும் இடமும் ஒன்றுதான். சின்ன வண்டியில் பெரிய இன்ஜின் அப்படியே உட்காரும்.

ஆனால் அந்த அளவு வண்டிக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் போடக் கூடாது என்று கம்பெனி விதி இருந்தது. புது மாடல் என்றால் தலைமையிடம் அனுமதி வாங்க வேண்டும். இருக்கிற மாடலுக்குக் கூடுதல் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ஆப்ஷன் என்றால் அனுமதி வேண்டாம். ஆகவே 1964 டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு சுமார் 295 டாலர் ஆப்ஷனாக ஜி.டி.ஓ. பிறந்தது. பிரிவின் தலைவர் பீட் எஸ்டெஸ் துணை நின்றார். விற்பனைப் பிரிவு 5,000 விற்றால் போதும் என்று கணக்குப் போட்டது. விற்றது 32,450. அடுத்த வருடம் 75,352. தனி மாடலாக ஆன 1966-இல் 96,946. மற்ற கம்பெனிகள் எல்லாம் இதைப் பார்த்துத்தான் ஓடி வந்தன. பெரிய இன்ஜின் போட்ட வேகமான கார்கள் அதற்கு முன்பும் அமெரிக்காவில் உண்டு. சாதாரண இளைஞன் எட்டிப் பிடிக்கிற விலையில், அருகிலிருக்கும் டீலரிடமே வாங்குகிற மாதிரி கொண்டுவந்தது பாண்டியாக். அந்த மதிப்பு நியாயமானது என்று உறுதியாகச் சொல்வேன்.

பெயரை டிலோரியன் எடுத்தது ஃபெராரி 250 ஜி.டி.ஓ.விலிருந்து. ஃபெராரி ரசிகர்களுக்கு அப்போது பயங்கரக் கோபம். முன்பக்க மட்கார்டு பேட்ஜில் 6.5 லிட்டர் என்று போட்டிருப்பார்கள்; 389 கன அங்குலத்தைக் கணக்குப் பண்ணினால் 6.4-கூட முழுதாக வராது. எனக்கு அந்தப் பேட்ஜை அப்படியேதான் பிடிக்கும்.

ஆப்ஷனாகப் பிறந்த கதையால் இன்று வாங்குகிறவருக்கு ஒரு பெரிய சிக்கல். 1966 முதல் 1971 வரையிலான ஜி.டி.ஓ.க்களின் வண்டி எண் (நம்பர் பிளேட் எண் அல்ல, கம்பெனி பொறித்த எண்) 242 என்று தொடங்கும், பார்த்தவுடன் தெரியும். 1964, 1965 வண்டிகளின் எண்ணோ லெமான்ஸ் என்று மட்டுமே சொல்லும். சாதாரண லெமான்ஸில் பேட்ஜும் பானெட்டும் மாற்றி ஜி.டி.ஓ. என்று விற்பவர்கள் நிறைய. அதனால்தான் பி.ஹெச்.எஸ். காகிதம் இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பாண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீஸஸ் என்ற அமைப்பிடம் 1961 முதலான கார்களின் கம்பெனிப் பதிவுகள் இருக்கின்றன. வண்டி எண்ணைக் கொடுத்தால் அது எந்த ஆப்ஷன்களோடு வெளியே வந்தது என்று நகல் தருவார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்ஜினின் முன்பக்கம் பொறித்திருக்கும் குறியீட்டைப் பாருங்கள். 1965-இல் மூன்று கார்புரேட்டர், கையால் மாற்றும் கியர் என்றால் அது டபிள்யூ.எஸ். என்று இருக்க வேண்டும்.

பெரியவரின் வண்டி அந்த வகைதான், 360 குதிரைசக்தி. பானெட்டைத் தூக்கினால் வெளிர் நீல இன்ஜின், மேலே வரிசையாக மூன்று ராச்செஸ்டர் கார்புரேட்டர்கள். நிதானமாக ஓட்டும்போது நடுவில் இருப்பது மட்டும்தான் பெட்ரோல் ஊட்டும். ஆக்சிலேட்டரை ஆழமாக மிதித்தால் முன்னும் பின்னும் உள்ளவையும் திறக்கும். அந்த உறுமல் இருக்கையின் முதுகு வழியாகத்தான் முதலில் வந்து சேரும். இரவில் ஹை பீம் போட்டால் டேஷ்போர்டில் அந்த ஒடாவா தலைவரின் முகம் சின்னதாகச் சிவப்பில் எரியும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

பராமரிப்பில் அவர் கடைப்பிடிப்பது எதுவும் ரகசியம் இல்லை, விடாமல் செய்கிறார், அவ்வளவுதான். இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். டெட்ராய்ட் நகருக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் இருக்கிறது! அந்த உப்பு பட்டால் பழைய தகடு தாங்காது. முதல் பனி விழும் முன்பே வண்டி கேரேஜுக்குள் போய்விடும். மழை வந்து உப்பைக் கழுவிய பிறகுதான் வெளியே வரும்.

ஆயில் விஷயம் பலருக்குத் தெரியாது. இந்த இன்ஜின்களில் வால்வுகளைத் திறக்க வைக்கும் சுழல் தண்டான கேம்ஷாஃப்டின் மேல், தட்டையான அடி கொண்ட லிஃப்டர்கள் என்ற துண்டுகள் உரசிக்கொண்டே ஓடும். அந்த உரசலைத் தாங்க ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த கூட்டுப்பொருள் வேண்டும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் இன்றைய சாதாரண ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். கடையில் கிடைக்கிற நல்ல ஆயிலை நம்பி ஊற்றினால் கேம்ஷாஃப்ட் தேய்ந்துபோகும். பழைய கார்களுக்கென்று விற்கும் ஆயில்தான் சரி. பெட்ரோலும் அப்படியே: ஈயம் கலந்த, ஆக்டேன் மிகுந்த பெட்ரோலுக்காகச் செய்த உயர் அழுத்த இன்ஜின் இது. இப்போது ஈயம் கிடையாது, எத்தனால் உண்டு. ஆகவே இன்ஜினைப் பிரிக்கும்போது கடினப்படுத்திய வால்வு சீட் போட வேண்டும், எத்தனால் தாங்கும் ரப்பர் குழாய்களுக்கு மாற வேண்டும், பம்ப்பில் பிரீமியம் மட்டுமே அடிக்க வேண்டும்.

பிரேக் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1964 முதல் 1966 வரை நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். முன்பக்க டிஸ்க் 1967-இல்தான் ஆப்ஷனாக வந்தது. 360 குதிரைசக்திக்கு அந்த டிரம் போதவே போதாது. அசல் கெடக் கூடாது என்று சிலர் அதையே வைத்திருப்பார்கள். ஓட்டுகிற வண்டி என்றால் டிஸ்க் போட்டுவிட்டு, கழற்றிய பாகங்களைப் பெட்டியில் பத்திரப்படுத்துவதே என் கட்சி. பெரியவர் இதில் எனக்கு எதிர்க்கட்சி.

முதல் வரிசை ஜி.டி.ஓ. 1974-இல் முடிந்தது. ஆஸ்திரேலிய ஹோல்டன் மொனாரோவை வைத்து 2004 முதல் 2006 வரை அந்தப் பெயரை மறுபடி கொண்டுவந்தார்கள். நல்ல கார், ஆனால் தோற்றத்தில் பழையதன் சாயலே இல்லை. 2009 ஏப்ரலில் பாண்டியாக்கையே மூடப்போவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது, அடுத்த ஆண்டோடு அந்தப் பெயர் போயிற்று. இன்று பாகம் வேண்டுமென்றால் மறு தயாரிப்புக் கம்பெனிகளும் பழைய வண்டிகளைப் பிரித்து விற்பவர்களும்தான் கதி. இல்லினாய் மாநிலத்தில் பாண்டியாக் என்ற பெயரிலேயே இருக்கும் இன்னொரு ஊரில் பாண்டியாக், ஓக்லாந்து கார்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, வாய்ப்பு கிடைத்தால் போங்கள்.

நேரில் பார்க்க இன்னும் நல்ல வழி, ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் வருவது. 1995 முதல் உட்வர்ட் சாலையில் பழைய கார்களின் ஊர்வலம் நடக்கிறது. காலையிலேயே வந்து நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் நிற்கக்கூட இடம் கிடைக்காது. ஓரமாக நிறுத்தியிருக்கும் ஜி.டி.ஓ.காரர்களிடம் பேச்சுக் கொடுத்து, டிக்கியைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஒழுங்காக வைத்திருப்பவர் நீங்கள் கேட்டு முடிக்கும் முன்பே சாவியை எடுத்துவிடுவார்.