ட்ரெலானி பாட்டு யாருடையது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில், கார்ன்வாலில் ட்ரூரோ என்ற ஊரில் வேலை பார்க்கிறாள். அங்கே ரக்பி மேட்ச் என்றாலும் சரி, பப்பில் நாலு பேர் கூடினாலும் சரி, 'ட்ரெலானி' என்று ஒரு பாட்டை எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்களாம். 1688-ல் கார்ன்வால் மக்களே கட்டிய நாட்டுப்பாடல் என்று சிலர் சொல்கிறார்கள், யாரோ ஒரு பாதிரியார் எழுதியது என்று சிலர் சொல்கிறார்கள். எது உண்மை ஐயா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பாதிரியார் எழுதியதுதான் அம்மா. ஆனால் எழுதும்போது அவர் பாதிரியார் இல்லை, ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த இருபத்தொரு வயதுப் பையன். பெயர் ராபர்ட் ஸ்டீஃபன் ஹாக்கர், 1803-ல் பிளிமத்தில் பிறந்தவர். கார்ன்வாலின் வடக்கே ஸ்டோ காடு என்று ஒரு இடம், அங்கே உச்சிக் கிளைகள் பட்டுப்போய் மான்கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த ஓர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து 1825-ல் எழுதினேன் என்று அவரே பின்னால் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்.

அப்படியானால் 1688 எங்கிருந்து வந்தது? பாட்டில் சொல்லப்படும் கதை அந்த வருஷத்தது. இரண்டாம் ஜேம்ஸ் அரசர் ஓர் அறிக்கையை எல்லாத் தேவாலயங்களிலும் வாசிக்கச் சொன்னார், முடியாது என்று ஏழு பிஷப்புகள் மனு கொடுத்தார்கள், ஏழு பேரையும் பிடித்து லண்டன் டவர் என்ற கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். அதில் ஒருவர் ஜோனதன் ட்ரெலானி. அப்போது அவர் பிரிஸ்டல் பிஷப், ஆனால் குடும்பம் கார்ன்வாலின் பெலிண்ட் ஊர்க் குடும்பம். நம்ம ஊர்க்காரனைக் கொல்லப் போகிறார்களா, அப்படியானால் இருபதாயிரம் கார்ன்வால்காரர்கள் வந்து ஏன் என்று கேட்போம் என்பதுதான் பாட்டின் சாரம். டாமர் நதியைத் தாண்டுவோம், லண்டன் மதில் முன்னால் நின்று கோழைகளே வெளியே வாருங்கள் என்று கூப்பிடுவோம் என்று போகும்.

ஹாக்கர் இதைத் தன் பெயர் போடாமல் பிளிமத் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். குழப்பம் அங்கேதான் பிறந்தது. அது டேவிஸ் கில்பர்ட் கண்ணில் பட்டது. இவர் சாதாரண ஆள் இல்லை. கார்ன்வாலிலேயே பிறந்தவர், விஞ்ஞானிகளின் சங்கமான ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்தவர், பழைய கிறிஸ்துமஸ் பாடல்களைத் தேடித் தொகுத்து 1822-லேயே புத்தகம் போட்டவர். அப்படிப்பட்டவரே இதுதான் அந்தக் காலத்து அசல் பாட்டு என்று நம்பி ஈஸ்ட்போர்னில் இருந்த தன் சொந்த அச்சகத்தில் அச்சிட்டுவிட்டார். அவர் சொன்னதால் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் நம்பினார். 1852-ல் சார்லஸ் டிக்கன்ஸ் தன் 'ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்' வார இதழில் பழம்பாடல் என்றே போட்டார். பிறகு ஹாக்கர் எழுதியது என்று தெரிந்ததும் அதே இதழில் திருத்தம் வெளியிட்டார், அதற்காக டிக்கன்ஸை நான் மதிக்கிறேன். எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள்?

பெரிய மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராக ஏமாந்ததற்குக் காரணம் அவர்களுடைய அறிவுக் குறைவு இல்லை. ஆசை. அப்படி ஒரு பாட்டு எங்கேயாவது கிடைக்காதா என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்த காலம் அது, கிடைத்ததும் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பாட்டுக்குள்ளேயே தடயம் இருந்தது. டாமர் நதி சரி, அது கார்ன்வாலுக்கும் டெவனுக்கும் எல்லை, லண்டன் போக அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஆனால் அடுத்த வரியிலேயே செவர்ன் நதியும் எங்களைத் தடுக்காது என்று வருகிறது. மேப்பை எடுத்துப் பாருங்கள், செவர்ன் வடக்கே வேல்ஸ் பக்கம் இருக்கிறது, கார்ன்வாலிலிருந்து லண்டன் போகிறவனுக்கு அதில் காலை நனைக்கவே வேலை இல்லை. நடந்து போகத் தயாரான கூட்டம் பாடிய வரி மாதிரி எனக்கு அது தெரியவில்லை, ஓசைக்காக நதியின் பெயரைத் தேடிய இளங்கவிஞனின் வரி மாதிரிதான் தெரிகிறது. அதோடு, 1688 ஜூன் 8-ம் தேதி டவருக்குப் போன பிஷப்புகள் ஒரு வாரத்தில் ஜாமீனில் வந்துவிட்டார்கள், ஜூன் 30-ல் விடுதலையும் ஆகிவிட்டார்கள். கார்ன்வாலிலிருந்து படை எதுவும் கிளம்பவில்லை.

கேள்வி: அப்படியானால் முழுப் பாட்டும் ஹாக்கரின் கற்பனையா? மக்களிடம் ஒன்றுமே இருக்கவில்லையா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இருந்தது, அதையும் சொன்னவர் ஹாக்கரேதான். "ட்ரெலானி சாவதா? இருபதாயிரம் கார்ன்வால்காரர்கள் காரணம் கேட்பார்கள்" என்ற பல்லவி வரிகள் மட்டும் கார்ன்வால் முழுக்கப் பழமொழியாக வழங்கி வந்தவை, மற்றதெல்லாம் என்னுடையது என்று பிரித்து எழுதியிருக்கிறார். நான் அவரை நம்புவதற்கு இது ஒரு பெரிய காரணம். பாட்டிலேயே உயிரான இடம் அந்தப் பல்லவிதான், பேராசை பிடித்தவன் என்றால் முதலில் அதைத்தானே தன்னுடையது என்பான்?

ஆனால் பல்லவிக்கு வேறு சாட்சி தேடினால் ஒரு வேடிக்கையான சுற்றில் மாட்டிக்கொள்கிறோம். மெக்காலே (நம் ஊர் ஆங்கிலக் கல்விக்கு 1835-ல் குறிப்பு எழுதினாரே, அதே மெக்காலே) தன் இங்கிலாந்து வரலாற்றில் இந்த ஏழு பிஷப்புகள் கதையைச் சொல்லும்போது பல்லவியைத் தருகிறார். அவர் தரும் வடிவத்தில் முப்பதாயிரம் பேர். சுரங்கத் தொழிலாளிகளோ "மண்ணுக்கடியில் இருபதாயிரம் பேர் காரணம் கேட்பார்கள்" என்று மாற்றிப் பாடினார்களாம். தகரச் சுரங்க நாடு அது, கேட்டாலே உடம்பு சிலிர்க்கும் வரி. சரி, இவ்வளவு பெரிய வரலாற்றாசிரியருக்கு இது எப்படித் தெரிந்தது என்று அடிக்குறிப்பைப் பார்த்தால், மார்வென்ஸ்டோ என்ற ஊரின் பாதிரியார் ஹாக்கர் அன்போடு தெரிவித்தார் என்று இருக்கிறது! ஆக மெக்காலேயை ஹாக்கருக்குத் தனிச் சாட்சியாக நிறுத்த முடியாது. ஒரு பாட்டின் மூலத்தைத் தேடும்போது பத்துப் புத்தகம் ஒரே விஷயத்தைச் சொல்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள், பத்தும் யாரிடமிருந்து வாங்கியது என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல்லவியில் வரும் ட்ரெலானி பிஷப்தான் என்பதிலும் சந்தேகம் எழுப்பியவர்கள் இருக்கிறார்கள். பிஷப்பின் தாத்தா ஜான் ட்ரெலானியையும் டவரில் அடைத்திருக்கிறார்கள், 1628-ல். அனுப்பியது அரசர் இல்லை, பாராளுமன்றம், ஒரு தேர்தல் தகராறில். வரிகள் அந்தத் தாத்தாவுக்காகப் பிறந்து அறுபது வருஷம் கழித்துப் பேரனுக்குப் போய் ஒட்டிக்கொண்டிருக்கலாம். எனக்கு இது நடக்கக்கூடியதாகத்தான் படுகிறது, குடும்பப் பெயர் ஒன்றாக இருந்தால் கோஷத்துக்கு எந்த ஆளாக இருந்தால் என்ன?

கேள்வி: தன் பாட்டு என்று ஹாக்கர் ஏன் முதலிலேயே உரக்கச் சொல்லவில்லை? பெயரில்லாமல் இருப்பதையே விரும்பினாரோ?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: விரும்பவில்லை அம்மா, மனம் நொந்துதான் இருந்தார். என் பாட்டை விற்கிறார்கள், வாங்குகிறார்கள், இசை அமைக்கிறார்கள், கைதட்டுகிறார்கள், நான் மட்டும் இந்தப் பாறைகளுக்கு நடுவே லாபமும் இல்லாமல் பேரும் இல்லாமல் கிடக்கிறேன், என் வாழ்க்கையே இப்படித்தான் என்ற பொருளில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். படிக்கும்போது சங்கடமாக இருக்கும்.

பாறைகள் என்றது உண்மையான பாறைகளைத்தான். மார்வென்ஸ்டோ அட்லாண்டிக் கரையில் செங்குத்தான பாறை உச்சியில் இருக்கும் சிற்றூர், ஏறக்குறைய நாற்பது வருஷம் அங்கே பாதிரியாராக இருந்தார். கீழே கப்பல்கள் மோதி உடையும். ஒதுங்கும் உடல்களை அவரே முன்னின்று தேடி எடுத்துவந்து தேவாலயத் தோட்டத்தில் முறையாக அடக்கம் செய்வார். 1842-ல் உடைந்த 'கலிடோனியா' கப்பலின் முகப்புச் சிலையை அதன் மாலுமிகளின் கல்லறை மேல் நட்டு வைத்தார். உடைந்த கப்பல்களின் மரத்தைக் கொண்டு பாறை விளிம்பில் ஒரு குடிசை கட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்து எழுதுவார், அது இன்றும் இருக்கிறது, உங்கள் ஊர்க்காரர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால் அவசியம் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இங்கே எங்கள் பாட்டுக் குழுவில் ட்ரெலானியைப் பாடப் போகிறோம். நிகழ்ச்சித் தாளில் 'இங்கிலாந்து நாட்டுப்பாடல்' என்று போட்டால் போதுமா?
– வாசகர், சென்னை

பதில்: போதாது. ஹாக்கர் பெயரைப் போடுங்கள், பல்லவி மரபு வழி வந்தது என்று பக்கத்தில் குறியுங்கள். மெட்டு அவருடையது இல்லை. 1861-ல் லூயிசா கிளேர் என்ற பெண்மணி இசையோடு பதிப்பித்தார், மெட்டின் வேர் ஒரு பிரெஞ்சுப் பாட்டில் இருப்பதாகச் சொல்வார்கள். மெட்டை அதனால் தனி வரியில் எழுதுங்கள்.

கேள்வி: யார்க்‌ஷயரின் 'இல்க்லா மூர்' பாட்டையும் இதேபோல் ஒரு கவிஞர்தான் எழுதினாரா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அது நேர் எதிர்க் கதை. அங்கே மெட்டுக்காரரைத் தெரியும், வார்த்தைக்காரரைத் தெரியாது. தாமஸ் கிளார்க் என்று கேன்டர்பரியில் செருப்புத் தைக்கும் தொழில் செய்தவர், தேவாலயப் பாடல்களுக்கு மெட்டுப் போடுவார். 1805-ல் அவர் வெளியிட்ட 'கிரான்புரூக்' என்ற மெட்டுதான் இது. கேன்டர்பரியும் கிரான்புரூக்கும் கெண்ட் மாவட்டம், இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலை. வடக்கே இருக்கும் யார்க்‌ஷயர்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாடும் பாட்டின் இசை அங்கிருந்து போயிருக்கிறது. தொப்பி போடாமல் காதலியைப் பார்க்கப் போனவன் குளிர் கண்டு செத்துப்போவான், புழு அவனைத் தின்னும், வாத்து புழுவைத் தின்னும், நாம் வாத்தைத் தின்போம் என்று போகும் வரிகளை, ஹாலிஃபாக்ஸ் பக்கத்துத் தேவாலயப் பாடகர் குழு ஒன்று உல்லாசப் பயணம் போனபோது விளையாட்டாகக் கட்டியது என்று அங்கே சொல்கிறார்கள். கிரான்புரூக் மெட்டைத் தேவாலயத்தில் பாடிப் பழகிய கூட்டம்தான் அதன் மேல் இப்படி வரி கட்டியிருக்க முடியும், அதனால் ஆள் பெயர் இல்லாவிட்டாலும் அந்தச் செய்தியை நான் தள்ளிவிட மாட்டேன்.