பிள்ளை படிக்கும் நாட்டுக்குப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

என் மகன் இளங்கலையைப் பிரிட்டனிலும் முதுகலையை அமெரிக்காவிலும் படித்தான். மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முதல் பயணத்தில் நான் செய்யாத தப்பு இல்லை. அதனால் தெரிந்துகொண்டதுதான் பாதி. கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, மகள் அமெரிக்காவில் முதுகலை முதலாம் ஆண்டு. டிசம்பர் முதல் வாரம் நாங்கள் இருவரும் போகலாம் என்று இருக்கிறோம். சரியான நேரம்தானா?

இல்லை. டிசம்பர் முதல் பாதியில் அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் பருவத் தேர்வு. பத்துப் பதினைந்து நாள் தள்ளிப் போனால் விடுமுறை தொடங்கியிருக்கும். மே மாத நடுவிலும் அப்படித்தான், தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கும். பிரிட்டனில் மே, ஜூன்தான் தேர்வுக்காலம். ஆஸ்திரேலியாவில் கல்வியாண்டு பிப்ரவரி, மார்ச் வாக்கில் தொடங்குவதால் ஜூனிலும் நவம்பரிலும் தேர்வு வரும். ஆராய்ச்சி மாணவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, அவர்களிடம் தேதி கேட்டுத்தான் போக வேண்டும்.

நான் பிரிட்டனுக்குப் போனது மே மாதத்தில். ஒன்பது நாள். மகன் காதில் ஹெட்போனோடு அறைக்குள். தண்ணீர் எடுக்க வெளியே வருவான், "சாப்டியாம்மா?" என்பான், நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் கதவு மூடியிருக்கும். கோபம் அவன்மேல் இல்லை. நாட்காட்டியைப் பார்க்காமல் டிக்கெட் போட்டவள் நான்தான்.

மகன் அங்கே படிக்கிறான் என்று நேர்காணலில் சொல்லாதீர்கள், சுற்றுலா என்று மட்டும் சொல்லுங்கள் என்கிறார் ஏஜென்ட். அமெரிக்க விசாவுக்குத்தான்.

முதலில் ஏஜென்டை மாற்றுங்கள். நெருங்கிய உறவினர் யாராவது அமெரிக்காவில் இருக்கிறார்களா என்று விண்ணப்பப் படிவத்திலேயே கேள்வி இருக்கிறது. அதில் பொய் சொன்னது தெரிந்தால் இந்த விசா மட்டுமல்ல, இனி எந்த விசாவுமே கிடைக்காமல் போகலாம்.

வருகிறவர்கள் அங்கேயே தங்கிவிட நினைப்பவர்கள் என்று எடுத்துக்கொள்வதுதான் அந்த நாட்டுச் சட்டத்தின் நிலை. இல்லை, திரும்பிவிடுவோம் என்று காட்ட வேண்டியது நம் வேலை. உங்கள் உத்தியோகம், வீடு, இங்கே உங்களை நம்பி இருப்பவர்கள், இவைதான் பேசும். மகன் எழுதும் அழைப்புக் கடிதம் கட்டாயமில்லை. கையில் இருந்தால் இருக்கட்டும், அதை நம்பிப் போகாதீர்கள். அதைவிட, அவன் எந்தப் பல்கலைக்கழகம், என்ன படிப்பு, எப்போது முடிகிறது, பணம் யார் கட்டுகிறார்கள் என்பதைத் தடங்கல் இல்லாமல் சொல்லத் தெரிய வேண்டும். "ஏதோ கம்ப்யூட்டர்ல படிக்கிறான்" என்று சொல்லிவிட்டு அதிகாரியின் முகத்தைப் பார்க்கக் கூடாது.

எனக்குப் பத்து வருட விசா கிடைத்துவிட்டது. படிப்பு முடியும்வரை கூடவே இருக்கலாமா?

முடியாது. விசாவில் உள்ள தேதி, நாட்டின் வாசல்வரை போகலாம் என்பதற்கான தேதி. எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரிதான் முடிவு செய்வார். அமெரிக்காவில் அது ஐ-94 என்ற பதிவில் ஏறும், வழக்கமாக ஆறு மாதத்துக்கு உள்ளாக இருக்கும். போய் இறங்கியதும் இணையத்தில் அந்தத் தேதியைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனிலும் நீண்டகால வருகையாளர் விசா இருந்தாலும் ஒரு முறைக்கு அதிகபட்சம் ஆறு மாதம்தான்.

ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற ஐரோப்பிய நாடுகளில், கணக்கு வேறு. எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. ஜெர்மனியில் 60 நாள், அங்கிருந்து பிரான்சில் 60 நாள் என்று போட முடியாது, எல்லாம் சேர்த்துத்தான் எண்ணுவார்கள்.

மகள் அறையிலேயே தங்கினால் செலவு மிச்சம் அல்லவா?

அவள் இருப்பது பல்கலைக்கழக விடுதியா, வெளியே எடுத்த வீடா? விடுதி என்றால் விருந்தினர் எத்தனை இரவு தங்கலாம் என்று விதி இருக்கும். பல இடங்களில் இரண்டு மூன்று இரவுக்கு மேல் விடமாட்டார்கள், முன்கூட்டிப் பெயரும் கொடுக்க வேண்டும். மாட்டிக்கொண்டால் அறையை இழப்பது அவள், நீங்கள் அல்ல.

பகிர்ந்து எடுத்த வீடு என்றால் கூட இருப்பவர்களைக் கேட்க வேண்டும். நேர வித்தியாசத்தால் எனக்கு விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். ஒரு நாள் இருட்டில் சமையலறை நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடிக்க வந்த பையன் விளக்கைப் போட்டான், அலறினான், நானும் அலறினேன். மறுநாளே நடந்து போகிற தூரத்தில் ஒரு வாடகை அறை பார்த்துவிட்டோம். மூன்று வாரத்துக்கு மேல் போகிறவர்களுக்கு நான் சொல்வது அதுதான்.

அவருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், இரண்டு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தது. இன்சூரன்ஸ் எடுத்தால் போதுமா, மேடம்?

எடுத்ததோடு முடியாது, படிக்கவும் வேண்டும். பெரும்பாலான பயணக் காப்பீடுகள் ஏற்கெனவே உள்ள நோயை விலக்கிவிடும். சிலது "திடீரென்று தீவிரமானால் மட்டும்" என்று சேர்த்திருக்கும். அந்தத் "திடீர்" என்றால் என்ன என்பதற்கு அவர்கள் கொடுத்திருக்கும் விளக்கத்தை வரிவரியாகப் படியுங்கள். அதற்கு வயது வரம்பும் தொகை வரம்பும் தனியாக இருக்கும். ஸ்டென்ட் விஷயத்தை மறைத்து வாங்காதீர்கள், பணம் கேட்கும்போதுதான் பழைய காகிதங்களைத் தோண்டுவார்கள்.

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பிரிட்டனில் வைத்தியம் இலவசம் என்று யாராவது சொல்வார்கள். அவசரப் பிரிவில் பார்ப்பதற்குக் காசு இல்லைதான். ஆனால் மருத்துவமனையில் சேர்த்துவிட்டால், வருகையாளர்களில் பெரும்பாலோரிடம் அங்குள்ள அரசுக் கட்டணத்தில் ஒன்றரை மடங்கு வாங்குவார்கள்.

மருந்து எல்லாம் கைப்பையில், அட்டையைப் பிரிக்காமல். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மூல மருந்தின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள், கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். இன்சுலின் போடுகிறவர் என்றால் அதைச் சரக்குப் பெட்டியில் வைக்கவே கூடாது, உறைந்துபோனால் வீண். நேர மண்டலம் மாறும்போது ஊசி எந்த நேரத்துக்கு என்பதை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். சாதாரண சளி மாத்திரைக்கே ஜப்பான் போன்ற நாடுகளில் கட்டுப்பாடு உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் விமானத்தில் அவரை உட்கார்ந்த இடத்திலேயே தூங்க விடாதீர்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருந்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. ஓரத்து இருக்கை வாங்கி, அவ்வப்போது எழுந்து நடக்கச் சொல்லுங்கள். போகலாமா என்று இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகே டிக்கெட்.

நான் தனியாகப் போகிறேன். ஆங்கிலம் வராது. நடுவில் விமானம் மாற வேண்டும்.

வீல்சேர் உதவி கேளுங்கள். நடக்க முடிந்தவர்களும் கேட்கலாமா என்று கூச்சப்பட வேண்டாம். நீண்ட தூரம் நடக்கச் சிரமம் என்று சொன்னாலே போதும். 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் பதிவு செய்தால், அடுத்த விமானத்தின் வாசல்வரை ஒருவர் கூடவே வருவார். மகளின் முகவரி, தொலைபேசி எண், திரும்பும் தேதி, இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் மட்டும் இருந்தால் சார்ஜ் போனால் போச்சு. பவர் பேங்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் வைத்தால் வெளியே எடுக்கச் சொல்வார்கள்.

போனதும் மகனின் பேராசிரியரைப் பார்த்து எப்படிப் படிக்கிறான் என்று கேட்கலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் 1974இல் வந்த சட்டம் ஒன்று, கல்லூரியில் சேர்ந்துவிட்ட மாணவரின் கல்விப் பதிவுகள் மேலுள்ள உரிமையை மாணவருக்கே கொடுக்கிறது. அவன் எழுதிக் கொடுக்காமல் பேராசிரியர் உங்களிடம் மதிப்பெண் பற்றிப் பேச மாட்டார். சிரித்து, கை குலுக்கி, வானிலை பற்றிப் பேசி அனுப்பிவிடுவார். மகனே கூட்டிப்போய் அறிமுகம் செய்துவைத்தால் அது வேறு விஷயம்.

ஆன்ட்டி, நான் மாணவன். அம்மா ஆறு வாரம் வருகிறார். ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் இப்போதே பயமாகவும் இருக்கிறது.

பயம் நியாயம்தான், தம்பி. உன் வாராந்திர அட்டவணையை இப்போதே அம்மாவுக்கு அனுப்பிவிடு, எந்த நேரம் நீ கிடைக்க மாட்டாய் என்று குறித்து. வந்த முதல் இரண்டு நாளில் மூன்று காரியம் செய். கையில் சாவி கொடு, பேருந்து அட்டை வாங்கிக் கொடு, ஒரே ஒரு வழித்தடத்தைக் கூட்டிப்போய்ப் பழக்கு. நூலகமோ பூங்காவோ, அவரே தனியாகப் போய்வர ஓர் இடம் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நாள் முழுக்க உன்னையே எதிர்பார்த்துச் சன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பதுதான் அம்மாவுக்கும் வேதனை, உனக்கும் வேதனை. ஆறு வாரத்தை நான்காகக் குறைக்கச் சொல்லிக் கேட்பதிலும் தப்பில்லை.

போய்ச் சேர்ந்துவிட்டோம். மகன் இளைத்துப் போயிருக்கிறான், அறை குப்பைமேடு. திரும்பி வந்துவிடு என்று சொல்லலாமா என்று இருக்கிறது.

குப்பைக்காகச் சொல்லாதீர்கள். என் மகன் அறையிலும் துணிக்கூடைக்குப் பின்னால் இன்னொரு துணிக்குவியல் இருந்தது. கவனிக்க வேண்டியது வேறு. இரவெல்லாம் விழித்துப் பகலெல்லாம் தூங்குகிறானா, வகுப்புக்குப் போகாமல் இருக்கிறானா, கைபேசி அடித்தால் எடுக்காமல் கவிழ்த்து வைக்கிறானா, நண்பன் என்று ஒருவன் பெயராவது வாயில் வருகிறதா. இவையெல்லாம் சேர்ந்து இருந்தால் பல்கலைக்கழகத்திலேயே மனநல ஆலோசகர் இருப்பார், பெரும்பாலும் மாணவர்களுக்குக் கட்டணம் கிடையாது. முதல் சந்திப்புக்கு நேரம் வாங்கும்போது பக்கத்தில் இருங்கள்.

ஆனால் வந்த அன்றே கேட்காதீர்கள். மேசைக்கு எதிரே உட்கார வைத்தும் கேட்காதீர்கள். இரண்டு நாள் கழித்து ஒரு மாலை அவனோடு நடக்கப் போங்கள். இருவரும் ஒரே திசையைப் பார்த்து நடக்கும்போது பையன்கள் பேசுவார்கள்.