களைன்னு பிடுங்கறதுல பாதி கீரைதான், ஆனா எந்த இடத்துல பறிக்கறோம்னு பாக்கணும்

கேள்வி: ஐயா வணக்கம்ங்க. மூலனூர் பக்கம் எங்களுக்கு 3 ஏக்கர், ஒண்ணரை ஏக்கர்ல கண்வலிக்கிழங்கு பந்தல், மீதி மானாவாரி சோளம். மழைக்கு அப்புறம் தோட்டம் பூரா களை, அத்தை அதுலயே கீரை பறிச்சு சமைக்கறாங்க, காய் வாங்கற காசு மிச்சம். போன வாரம் அந்தக் கட்டுல ஒரு கொடியோட கொழுந்தும் சேர்ந்து வந்துருச்சு, இலை நீட்டமா நுனி சுருண்டு இருந்துச்சு, சந்தேகமா இருந்ததால நான் எடுத்து வீசிட்டேன். எந்தக் களையைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது? பிரண்டைத் துவையல் பண்ணா நாக்கு அரிக்குதுங்க, அதுக்கு என்ன பண்றது. அத்தைக்கு முட்டி வலி, மாட்டுக்கு வேற ஒரு காம்புல மடி கட்டிருக்கு, தோட்டத்துல இருக்கறதை வெச்சு ஏதாச்சும் பண்ணலாமா?

பதில்: அம்மிணி, மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல அந்தக் கொடி. நீங்க எடுத்து வீசுனது நெம்ப நல்ல காரியம். இலை நுனி கம்பி மாதிரி சுருண்டு பக்கத்துல இருக்கறதைப் பிடிச்சுட்டு ஏறுதுன்னா அது உங்க பந்தல்ல இருக்கற கண்வலிதான், செங்காந்தள்னு சொல்றதும் அதையேதான். பழைய கிழங்குத் துண்டு மண்ணுல கிடந்து வேலியோரம் முளைச்சிருக்கும். பூ வந்துட்டா குழந்தைகூட கண்டுபிடிச்சுரும், கொழுந்தா இருக்கறப்ப கீரைக்குள்ள கலந்தா தெரியாது. அதுல கோல்சிசின்னு ஒரு விஷம் இருக்கு, அந்த விதைக்கு அவ்வளவு விலை குடுத்து மருந்து கம்பெனிக்காரங்க வாங்கறதே அதுக்காகத்தான். கிழங்கு, விதை, இலை எல்லாத்துலயும் இருக்கு, வேக வெச்சாலும் போகாது. தின்ன உடனே ஒண்ணும் தெரியாதுங்க, சில மணி நேரம் கழிச்சுத்தான் வாந்தியும் பேதியும் பிடிக்கும், நாம சாப்பாடு ஒத்துக்கலைன்னு நினைச்சு சுக்குத்தண்ணி வெச்சுக் குடுத்துட்டு இருப்போம், அதுக்குள்ள உள்ள இருக்கற உறுப்பெல்லாம் கெட ஆரம்பிச்சுரும். தப்பித்தவறி தின்னுட்டாங்கன்னு சந்தேகம் வந்தாலே 108க்குக் கூப்பிடுங்க, அந்தச் செடியை ஒரு துண்டு கையோட கொண்டு போங்க. ஆடும் அந்தப் பக்கம் போகக்கூடாது.

இன்னொண்ணு, காலையில கண்வலிப் பந்தல்ல பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வெக்கற வேலை முடிச்சுட்டு அதே கையோட கீரை கிள்ளப் போகாதீங்க, சோப்புப் போட்டுக் கழுவிட்டுப் போங்க. கண்வலி விதை போட்ட சாக்குல அப்புறம் சோளமோ ராகியோ கொட்டி வெக்காதீங்க, சாக்கு நல்லாத்தானே இருக்குன்னு நிறைய வீட்ல வெச்சுக்கறாங்க, அந்த ஒரு சாக்கு மிச்சம் பண்ண வேண்டாம்ங்க.

இப்ப கீரைக்கு வர்றேன். எந்தச் செடின்னு பாக்கறதுக்கு முன்னாடி எந்த இடம்னு பாக்கணும், இதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. கண்வலிப் பந்தலுக்குள்ளயும் அதோட வரப்புலயும் முளைக்கற எதையும் பறிக்காதீங்க, எவ்வளவு தளதளன்னு இருந்தாலும் சரி. புழுவுக்கும் நோய்க்கும் அங்க மருந்து அடிக்கறீங்க, அது காத்துல வரப்பு வரைக்கும் படியும். மருந்து டப்பால இத்தனை நாள் கழிச்சு அறுவடை பண்ணலாம்னு போட்டிருக்கே, 15 நாள் ஆச்சே பறிக்கலாமான்னு கேப்பீங்க. அந்த நாள் கணக்கு அந்தப் பயிருக்குப் போட்டது, நடுவுல தானா முளைச்ச பண்ணைக்கீரைக்கு யாரும் கணக்குப் போடலை. சோளத்துல அட்ரசின் மாதிரி களைக்கொல்லி அடிச்சிருந்தா அங்கயும் வேண்டாம். ரோட்டோரம், சாக்கடையோரம் வேண்டவே வேண்டாம். முருங்கையும் அப்படித்தான், சந்தைக்குக் காய் போடற தோட்டத்துல பூவுக்கும் காய்க்கும் மருந்து அடிச்ச மரத்துல தழை ஒடிக்காதீங்க, வீட்டு முன்னாடி மருந்தே படாத ஒரு மரம் தனியா இருக்கட்டும்.

சுத்தமான இடத்துல முளைச்சதுன்னா தாராளமாப் பறிங்க. பண்ணைக்கீரை, குமுட்டி, தொய்யக்கீரை, மணத்தக்காளி, மூக்கிரட்டை, பருப்புக்கீரை, சாரணை எல்லாம் சாப்பிடறதுதான். பண்ணை வெள்ளையும் ரோஸும் கலந்த கதிர் விடறதுக்கு முன்னாடி கொழுந்தா கிள்ளணும், கதிர் வந்துட்டா சக்கை. மூக்கிரட்டைக்கும் சாரணைக்கும்தான் நிறையப் பேருக்குக் குழப்பம், இலையைத் திருப்பிப் பாருங்க, மூக்கிரட்டை இலைக்கு அடிப்பக்கம் வெளுப்பா இருக்கும், அதோட காய் சேலையில ஒட்டும். சாரணை தடிச்ச இலை, தண்ணி கோத்த மாதிரி. சாரணையிலயும் பருப்புக்கீரையிலயும் ஆக்சலேட்னு ஒரு உப்பு அதிகம், அதனால அதை மட்டும் ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு அப்புறம் சமைங்க, கிட்னில கல்லு இருக்கறவங்க அது ரெண்டையும் விட்டுருங்க. பேர் தெரியாத செடி ஒண்ணு இருந்தாலும் அது போசிக்குள்ள போகக்கூடாது, பறிச்சதை முறத்துல கொட்டி ஒவ்வொரு தண்டா நீங்களும் அத்தையும் ஒட்டுக்கா உக்காந்து பாத்துட்டு அப்புறம் அலசுங்க.

எங்க ஆத்தா கடையற மாதிரி சொல்றேன். ரெண்டு கைப்பிடி துவரம்பருப்பை முக்கால் வேக்காடு வேக வெச்சு, பத்து சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, பச்சை மிளகாய், சீரகம், ஒரு தக்காளி போட்டு, மேல கீரையை அமுக்கி மூடாம வேக வெக்கணும், அஞ்சாறு நிமிஷம் போதும். கல்லுப்புப் போட்டு மத்துல கடைஞ்சு, கடுகு வரமிளகாய் தாளிச்சுக் கொட்டுனா அன்னிக்குக் கம்மஞ்சோத்துக்கோ ராகிக் களிக்கோ வேற வெஞ்சனம் தேவையில்ல, அஞ்சு பேர் சாப்பிடற வீட்டுக்குப் பருப்பு செலவு மட்டும்தான். இறக்கி வெச்சப்புறம் அரை மூடி எலுமிச்சை பிழிஞ்சு விடுங்க, கீரையில இருக்கற இரும்புச்சத்து ஒடம்புல சேர அது ஒத்தாசை. சாப்பிட்ட கையோட டீ குடிக்கற பழக்கம் இருந்தா ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்க, டீ அந்தச் சத்தைச் சேர விடாது.

பிரண்டை அரிக்குதுன்னா முத்துன தண்டா எடுத்திருப்பீங்க. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி கால்சியம் ஆக்சலேட் இருக்கு, குத்தறது அதுதான். நுனியில இருந்து மூணு நாலு கணு, நகத்தால கிள்ளுனா ஒடியற பதம், அது மட்டும் போதும். கையில நல்லெண்ணெய் தடவிட்டு நாலு விளிம்புலயும் இருக்கற நாரை உரிச்சு, கணுவை வெட்டிப் போட்டுட்டு, சின்னச் சின்னதா நறுக்கி அரை மணி நேரம் புளிச்ச மோர்ல ஊற வெச்சுப் பிழிஞ்சுருங்க. வடச்சட்டியில ரெண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டு வதக்கறப்ப அவசரப்படாதீங்க, பச்சை நிறம் போயி பழுப்பாகி ஓரம் சுருங்கற வரைக்கும் வதக்கணும், இங்க அஞ்சு நிமிஷம் மிச்சம் பண்ணாத்தான் நாக்கு அரிக்கும். உளுந்து, வரமிளகாய், தேங்காய் தனியா வறுத்து, புளி கொஞ்சம் தாராளமா வெச்சு அரைங்க. அரைச்ச உடனே நாக்குல வெச்சுப் பாக்காம சோத்துல எண்ணெய் விட்டுப் பிசைஞ்சு சாப்பிடுங்க.

அத்தை முட்டி வலிக்கு முடக்கத்தான் இருக்கான்னு வேலியில பாருங்க, காத்து ஊதுன பை மாதிரி காய் தொங்கும், உள்ள கறுப்பு விதையில வெள்ளையா இதயம் மாதிரி ஒரு அடையாளம், அதை வெச்சு உறுதி பண்ணிக்கலாம். ரெண்டு டம்ளர் அரிசிக்கு ஒரு கைப்பிடி இலை சேத்து அரைச்சு தோசை ஊத்துங்க, வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள். மொத தடவை சிலருக்கு வயிறு இளகும், அதனால கம்மியா ஆரம்பிங்க. இதெல்லாம் காலங்காலமா நம்ம சனம் சாப்பிட்டு வர்ற சாப்பாடு, வலிக்கு ஒத்தாசை, அவ்வளவுதான். அத்தை பிரஷருக்கோ சுகருக்கோ மாத்திரை எடுத்தா அதை நிறுத்திட்டு இதைக் குடுக்கக் கூடாது, முட்டி வீங்கி சூடா இருந்தா டாக்டர்கிட்டக் காட்டணும். மஞ்சக்காமாலைக்குக் கீழாநெல்லின்னு வீட்லயே நாளை ஓட்டறதும் இதே தப்புதான், ரத்தம் டெஸ்ட் பண்ணாம காமாலை எதனால வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

மாட்டு மடிவீக்கத்துக்கு இன்னிக்கே ஆரம்பிங்க. சோத்துக்கத்தாழை 250 கிராம் முள்ளை மட்டும் சீவிட்டு தோலோட, மஞ்சத்தூள் 50 கிராம், வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பு 15 கிராம், மூணையும் ஒட்டுக்கா அரைங்க, சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் செங்கல் நிறமா மாறும், அதுதான் பதம். காம்புல இருக்கற பாலைச் சுத்தமாக் கறந்து கொட்டிட்டு, மடியைக் கழுவி, இதுல ஒரு கை எடுத்துத் தண்ணியில கரைச்சு மடி பூரா பூசுங்க, வீங்குன காம்புக்கு மட்டும் பூசி விட்டுடாதீங்க. ஒரு நாளைக்கு எட்டுல இருந்து பத்துத் தடவை, 5 நாள், தினமும் புதுசா அரைக்கணும். இது நம்ம கால்நடைப் பல்கலைக்கழகத்தோட தஞ்சாவூர் மரபுசார் மூலிகை மையம் சொல்லிக்குடுக்கற முறை, நிறைய மாட்டுல நல்லா வேலை செஞ்சதை நானே பாத்திருக்கேன். ஆனா மாடு தீவனம் எடுக்கலை, காய்ச்சல் அடிக்குது, மடி கல்லு மாதிரி சில்லுன்னு ஆயிருச்சுன்னா பூசிட்டு உக்காந்திருக்காதீங்க, கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்க. அந்தக் காம்புப் பாலை வீட்டுக்கு எடுக்காதீங்க, கன்னுக்குட்டிக்கும் விடாதீங்க, தரையிலயும் பீச்சாம ஒரு ஏனத்துல கறந்து தள்ளிக் கொண்டு போய் ஊத்துங்க.

கீரைக்கு இப்படிப் பயந்து பயந்து தேடறதுக்குப் பதிலா வீட்டுப் பக்கத்துல ஒரு சென்ட் ஒதுக்குங்க, பந்தல்ல இருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. மானாவாரிக் காட்டுல இந்தக் களையெல்லாம் முத்தி விதை கட்டறப்ப பண்ணைக் கதிரையும் மணத்தக்காளிப் பழத்தையும் அத்தையை விட்டே பறிச்சு விதைக்குக் காய வெக்கச் சொல்லுங்க, அந்தச் செடி அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். அந்த ஒரு சென்ட்ல மக்குன சாணி எரு ரெண்டு கூடை போட்டுக் கொத்தி, விதையை மணலோட கலந்து தூவி, சோப்பு கலக்காத பாத்திரம் அலசற தண்ணியை அந்தப் பக்கம் திருப்பி விடுங்க. வேலியோரமா பிரண்டைத் தண்டு நாலு கணு இருக்கற மாதிரி வெட்டி ரெண்டு கணு மண்ணுக்குள்ள போக ஊனி விட்டா தண்ணியே கேக்காது. அடுத்த மழைக்கு முன்னாடி அந்த இடத்துல கண்வலிக் கிழங்கு எதுவும் கிடக்கான்னு ஒரு தடவை மண்ணைக் கிளறிப் பாத்துருங்க.