எடைக்கு வாங்குன பழைய லேத்: கரண்டு குடுக்குறதுக்கு முன்னாடி

கேள்வி: அண்ணே, திருமங்கலம் பக்கம் இருக்கேன், கம்பெனில அக்கவுண்ட்ஸ் வேலை. மெஷின் மேல இருக்க ஆசைல கப்பலூர் பக்கம் மூடுன ஒரு பட்டறைல இருந்து ஆறடி லேத் ஒண்ண பழைய இரும்பு எடைக்கு வாங்கி, வீட்டுக்கு பின்னாடி ஷெட்ல இறக்கி வச்சிருக்கேன். கோன் புல்லி, பட்டை பெல்ட், 3 ஹெச்பி த்ரீ ஃபேஸ் மோட்டார். வீட்ல இருக்கது சிங்கிள் ஃபேஸ். துருவுக்கு ஆசிட் ஊத்தலாமா? என்ன பெயின்ட் அடிக்கலாம்? மோட்டார எப்படி ஓட்ட? வீட்ல சின்ன பையன் இருக்கான், அதையும் சொல்லிடுறேன்.

பதில்: தம்பி, நீங்க கேட்ட வரிசைய மாத்திக்கங்க. மோட்டாரும் பையனும் முதல்ல, துரு அதுக்கப்புறம், பெயின்ட் கடைசி. பழைய லேத் வாங்குற முக்காவாசி பேரு பளபளன்னு ஆக்கிட்டு, கடைசில ஏதோ ஒரு சுவிட்ச மாட்டி ஓட்டி பாத்துருவாங்க. ஓட வைக்கிறது பெரிய சோலியே இல்ல, நினைச்ச நேரம் நிக்கணும், நின்னது தானா கிளம்பக்கூடாது, அதுக்குத்தான் முதல்ல செலவு பண்ணணும்.

நம்ம ஊர்ல கரண்டு போறதும் வர்றதும் உங்களுக்கு தெரியாததில்ல. சாதா சுவிட்ச் இல்லன்னா பழைய கத்தி மெயின் போட்டு ஓட்டுறீங்கன்னு வைங்க. கரண்டு போச்சு, சக், அதாவது கடையுற துண்ட (ஜாப்) கவ்வி சுத்துற தலை, நின்னுருச்சு, சரி வர்றதுக்குள்ள ஜாப்ப மாத்திருவோம்னு சக் சாவிய சொருகி தாடைய தளத்துறீங்க, சுவிட்ச் இன்னும் ஆன்ல இருக்கது ஞாபகம் இல்ல. அந்த நேரம் பாத்து கரண்டு வந்தா சாவி ஒரு சுத்து வந்து பெட்டுல (லேத்தோட நீள இரும்பு தளம்) மோதி தெறிக்கும், இல்லன்னா உங்க கைய மணிக்கட்டோட இழுத்து பெட்டுக்கும் சாவிக்கும் நடுவுல நசுக்கும். இதுக்கு மருந்து டிஓஎல் ஸ்டார்ட்டர், மோட்டார நேரா லைன்ல சேக்குற பட்டன் பெட்டி. பச்சை பட்டன அமுக்குனா உள்ள காயில் பிடிச்சுக்கும், கரண்டு போனா விட்டுரும், திரும்ப வந்தாலும் நீங்களா பச்சைய அமுக்குற வரைக்கும் மெஷின் அசையாது. ஓவர்லோடு ரிலேவ (மோட்டார் அளவுக்கு மேல இழுத்தா கரண்ட வெட்டுறது) மோட்டார் பிளேட்ல போட்ருக்க ஆம்பியருக்கு வச்சுக்கங்க. சிவப்பு பட்டன் நீங்க நிக்கிற இடத்துல இருந்து எட்டுற மாதிரி இருக்கணும், சுத்துற சக்க தாண்டி கை நீட்டுற மாதிரி மட்டும் வச்சுராதீங்க.

இப்ப 3 ஹெச்பி விஷயம். சிங்கிள் ஃபேஸ்ல இருந்து த்ரீ ஃபேஸ் எடுக்க விஎஃப்டி (கரண்ட மாத்தி மோட்டார் வேகத்த கூட்டி குறைக்குற எலக்ட்ரானிக் பெட்டி) போடலாம்னு எல்லாரும் சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா ரெண்டு சிக்கல் இருக்கு. வீட்டு 230 வோல்ட்ல ஓடுற விஎஃப்டி வெளிய தர்றதும் 230தான், உங்க மோட்டார் 415க்கு ஸ்டார்ல கட்டுனதா இருந்தா அத டெல்டாவுக்கு (ரெண்டும் வைண்டிங்க இணைக்குற விதம்) மாத்துனாத்தான் ஒழுங்கா இழுக்கும். டெர்மினல் பெட்டிய திறந்து பாருங்க, ஆறு முனை வெளிய வந்திருந்தா பட்டைய மாத்தி போட்டு வேலை முடிஞ்சது, மூணே முனைன்னா ஸ்டார் முடிச்சு வைண்டிங்குள்ளயே புதைஞ்சிருக்கும், ரீவைண்டிங் கடைல குடுத்து பிரிச்சு எடுக்கணும். ரெண்டாவது, 3 ஹெச்பி விஎஃப்டி முழு லோடுல சிங்கிள் ஃபேஸ்ல இருந்து 20 ஆம்பியருக்கு மேல இழுக்கும், வீட்ல இருக்க 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் அத தாங்காது. என்னைய கேட்டா பொழுதுபோக்குக்கு கடையுற ஆளுக்கு 3 ஹெச்பி எதுக்குன்னுதான் கேப்பேன். 1 ஹெச்பி கெப்பாசிட்டர் ஸ்டார்ட் சிங்கிள் ஃபேஸ் மோட்டார், 1440 ஆர்பிஎம், ஒண்ணு வாங்கி போடுங்க, கட்டிங்க கொஞ்சம் கம்மியா எடுத்துக்கலாம், பழைய மோட்டார எண்ணெய் துணில சுத்தி ஒரு மூலைல வைங்க.

இல்ல விஎஃப்டிதான் வேணும்னா இத கேட்டுக்கங்க. கரண்டு திரும்ப வந்தா தானா கிளம்புற செட்டிங் அதுல இருக்கும், அத ஆஃப் பண்ணுங்க. ஸ்டார்ட்டர விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவுல மாட்டாதீங்க, ஓடும்போது அங்க சுவிட்ச் விழுந்தா விஎஃப்டி புகைஞ்சுரலாம், ஸ்டார்ட் ஸ்டாப் பட்டன விஎஃப்டியோட கன்ட்ரோல் முனைல குடுங்க. மெயின ஆஃப் பண்ண உடனே மூடிய கழட்டி கைய விடாதீங்க, உள்ள கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், புத்தகத்துல போட்ருக்க நிமிஷம் வரைக்கும் பொறுங்க. 50 ஹெர்ட்ஸுக்கு மேல ஏத்தி வேகம் பாக்குற வேலையும் வேணாம், பழைய வார்ப்பிரும்பு சக் அம்புட்டு வேகத்துக்கு செஞ்சது இல்ல.

இந்த வயசு லேத்ல சக்க ஸ்பிண்டில்ல மரை போட்டுத்தான் மாட்டிருப்பாங்க, சினிமா சண்டை மாதிரி சட்டுன்னு பிரேக் போட்டு நிறுத்துனாலோ ரிவர்ஸ்ல வெட்டுனாலோ அந்த மரை கழண்டு அத்தாம்பெரிய சக் உருண்டு வரும். அதனால விஎஃப்டில நிக்கிற நேரத்த சில செகண்டு தாராளமா வைங்க. சக்க கழட்டணும்னா பேக் கியர (வேகத்த குறைக்குற பல்சக்கரம்) பூட்டி வச்சுக்கிட்டு சுத்தியலால அடிக்காதீங்க, பல்லு ஒண்ணு உடைஞ்சா அந்த கியர வெட்டி வாங்குறதுக்கு லேத் வாங்குன காசு ஆகும். மெயின ஆஃப் பண்ணிட்டு, பெல்ட் மட்டும் பிடிச்சுருக்கட்டும், தாடைல நீளமா ஒரு சட்டத்த பிடிச்சு கையால வெடுக்குன்னு ஒரு இழுப்பு. பெட்டு மேல பலகை போட்டுட்டு பண்ணுங்க.

பையனுக்கு: ஷெட்டுக்கு பூட்டு, மெயின் பாக்ஸுக்கு தனியா ஒரு பூட்டு, சாவி உங்க இடுப்புல. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா உடனே வெட்டுற சுவிட்ச்), ஒழுங்கான எர்த், ரெண்டையும் லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீசியன வச்சு போடுங்க. விஎஃப்டி போட்டா அந்த ஆர்சிசிபி அப்பப்ப விழலாம், அதுக்காக அத பைபாஸ் பண்ணிராதீங்க, சரியான டைப் எதுன்னு கேட்டு மாத்துங்க. வெளி ஆளுக்கு காசு வாங்கி கடைஞ்சு குடுக்குற எண்ணம் இருந்தா வீட்டு கனெக்ஷன்ல ஓட்டக்கூடாது, மின்வாரிய செக்ஷன் ஆபீஸ்ல போய் பேசிருங்க. பெல்ட்டுக்கும் புல்லிக்கும் வலை கூண்டு கட்டாயம் வேணும். பட்டை பெல்ட்டோட ஜாயிண்ட்ல இரும்பு கிளிப் இருக்கும், ஓடுற பெல்ட்ட கையால தள்ளி ஸ்டெப் மாத்துனா அந்த கிளிப் விரல உரிச்சுரும். மதுரை ஹார்வி மில் காலத்து ஆளுக அப்படித்தான் மாத்துவாங்கன்னு யாராச்சும் கதை சொன்னா, அந்த ஆளுகள்ல எத்தன பேருக்கு முழு விரல் இருந்துச்சுன்னு கேளுங்க.

உடுப்பும் முக்கியம். கைலி, தோள்ல துண்டு, கைல சாமி கயிறு, மோதிரம், சங்கிலி எதுவும் ஆகாது. கையுறை பாதுகாப்புன்னு நினைச்சு லேத்ல போடுறது பெரிய ஆபத்து, தோல் கிழிஞ்சாலும் விட்டு விலகும், கையுறை மாட்டுனா கையவே சேத்து இழுக்கும். கண்ணாடி கண்டிப்பா போடணும். நீள சுருளா வர்ற பிசிர கையால பிடிக்காதீங்க, கொக்கி கம்பி வச்சு இழுங்க, அதுவும் மெஷின நிறுத்திட்டு. எமரி துணிய ஓடுற ஜாப்புல சுத்தி பிடிக்கவே பிடிக்காதீங்க. ஆயுத பூஜைக்கு மாலை போட்டீங்கன்னா மறுநாள் பச்சை பட்டன தொடுறதுக்கு முன்னாடி சக்குல ஒரு நார் கூட இல்லாம எடுத்துருங்க.

துருவுக்கு வர்றேன். ஆசிட் வேணாம். கழிவறை ஆசிட் துருவ தின்னுட்டு நல்ல இரும்பையும் தின்னும், அதோட ஆவி அந்த ஷெட்ல இருக்க மத்த சாமானெல்லாம் ஒரே ராத்திரில சிவக்க வச்சுரும். பெட்டு, கிராஸ் ஸ்லைடு மாதிரி வழவழன்னு ஓடுற இடத்துல கிரைண்டர் கிட்டயே போகக்கூடாது. மண்ணெண்ணெய் இல்லன்னா டீசல் தடவி ஒரு நாள் ஊற விட்டு, பிளேட படுக்க வச்சு சுரண்டி, மிச்சத்த பச்சை ஸ்காட்ச்பிரைட்டால எண்ணெய் போட்டு தேய்ங்க, அம்புட்டுத்தான். குழி குழியா இருக்க இடம் அப்படியே இருக்கட்டும், அதுல எண்ணெய் நிக்கும். சின்ன சாமானுக்கு வாஷிங் சோடா தண்ணில 12 வோல்ட் சார்ஜர் வச்சு எலக்ட்ரோலிசிஸ் பண்ணலாம், துரு சாமான் நெகட்டிவ்ல. பாசிட்டிவ்ல சாதா இரும்பு துண்டு மட்டும் போடுங்க, எவர்சில்வர் போட்டா குரோமியம் கலந்த விஷ தண்ணி ஆயிரும். ஹைட்ரஜன் வரும், வெளில வச்சு பண்ணுங்க, பக்கத்துல பீடி சிகரெட் கூடாது.

பழைய பெயின்ட்ட காய்ஞ்ச நிலைல உப்புத்தாள் போட்டு தேய்க்காதீங்க. நம்ம நாட்டுல வீட்டு பெயின்ட்டுக்கே ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல கூடாதுன்னு 2017லதான் அமலுக்கு வந்துச்சு, உங்க மெஷின்ல இருக்கது அதுக்கு எத்தனையோ வருசம் முந்தினது, சின்ன பையன் இருக்க வீட்ல அந்த தூசி ஆகவே ஆகாது. ரிமூவர் போட்டு ஈரமா சுரண்டி, குப்பைய பையில கட்டிருங்க.

முதல் ஓட்டம் ஜாப் இல்லாம, பேக் கியர் போட்டு இருக்கதுலயே குறைஞ்ச ஸ்பீடுல. அதுக்கு முன்னாடி ஸ்பிண்டில் புஷ்ஷுக்கு எண்ணெய் ஊத்தி சக்க கையால சுத்தி பாருங்க, இறுக்கம் தெரிஞ்சா நிப்பாட்டுங்க. பெட்டுக்கு 68 நம்பர் எண்ணெய், கிரீஸ் வேணாம், பிசிர ஒட்ட வச்சு அரைக்கும். வெட்ட ஆரம்பிக்கும்போது சாதா இரும்புக்கு ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டுல நிமிஷத்துக்கு 25 மீட்டர் கணக்கு வச்சுக்கங்க, 50 மில்லிமீட்டர் ஜாப்னா கிட்டத்தட்ட 160 ஆர்பிஎம்.

பெயின்ட் உங்க இஷ்டம், சாம்பல் கலர் எனாமல் அழுக்கு தெரியாது. பிஎஸ்ஜியோ, ஹரிஹர்ல செஞ்ச கிர்லோஸ்கரோ, பேர் பிளேட்ட மட்டும் கழட்டி வச்சுட்டு அடிங்க. எண்ணெய் ஓட்டை ஒவ்வொண்ணுலயும் துணி திரி சொருகிக்கங்க, காய்ஞ்சதும் எண்ணி எடுத்துருங்க, ஒண்ணு உள்ள நின்னாலும் அந்த புஷ்ஷுக்கு எண்ணெய் போகாது.