புளோரிடா ஸ்டேட் சரிவு: போர்ட்டல் வீரர்களின் குணமா காரணம்?

இல்லை, குணம் மட்டும் காரணமில்லை. அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் கல்லூரி அணியான புளோரிடா ஸ்டேட், 2023இல் 13 வெற்றி, 1 தோல்வி (13-1), அடுத்த சீசனில் 2-10 என்று விழுந்ததற்கு ‘காசுக்கு வந்த போர்ட்டல் ஆட்கள்’தான் காரணம் என்கிறார்கள் சிலர். போர்ட்டல் என்பது வீரர்கள் வேறு கல்லூரி அணிக்கு மாறும் வழி. ஆனால் 2023இல் ஜெயித்த அணியின் ஜாரெட் வெர்ஸ், கியான் கோல்மன் இருவருமே போர்ட்டலில் வந்தவர்கள்தானே!

எனக்குத் தோன்றுவது: தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் 2024 டிராஃப்டில், 10 பேர் ஒரே மூச்சில் தொழில்முறை லீகான என்எஃப்எல் போய்விட்டார்கள். பயிற்சிக்குத் தாமதமாக வரும் புதுப் பையனை, கோச் பார்ப்பதற்கு முன்பே அதட்டி வைக்கிற மூத்தவர்கள் காலி.

இந்தியானா பல்கலைக்கழக அணியில் கோச் சிக்னெட்டியும் போர்ட்டலில்தான் ஆள் எடுத்தார். ஆனால் பலர் அவரது முந்தைய அணியான ஜேம்ஸ் மேடிசனில் அவரிடமே ஆடியவர்கள். முந்தைய சீசனில் 3-9 ஆக இருந்த இந்தியானா, 2024இல் 11-2.

ஆகவே இரண்டு வருடமாக அதே கோச்சிடம் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று அணிப் பட்டியலில் எண்ணிப் பாருங்கள். அப்புறம், ஆட்டத்தை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக்கின் காயத்தையும் கணக்கில் சேருங்கள்; அதை எந்தக் கட்டுக்கோப்பும் ஈடுகட்டாது.