அம்மாவுக்கு மறதி, இஞ்சி கேப்சூல் வாங்கிக் கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 63 வயசு. சுகருக்குப் பல வருஷமா மெட்ஃபார்மின் போடுறாங்க, ஸ்டென்ட் வெச்சதால ஆஸ்பிரினும் உண்டு. இப்பல்லாம் கேஸை ஆஃப் பண்ண மறந்துடுறாங்க, சொன்னதையே திரும்பத் திரும்ப சொல்றாங்க. இஞ்சி எக்ஸ்ட்ராக்ட் (இஞ்சியோட சத்தப் பிரிச்செடுத்த கேப்சூல்) மூளைக்கு நல்லதுன்னு வாட்ஸப்ல வந்துச்சு, கொடுக்கலாமா டாக்டர்?

பதில்: இப்போதைக்கு வாங்காதீங்க. இஞ்சி கெட்டதுன்னு சொல்லல, நம்பிக்கை தர்ற விஷயம் அதுல நிஜமாவே இருக்கு. பச்சை இஞ்சியோட காரம் ஜிஞ்சரால், காயவெச்சு சுக்காக்கும்போது அதுல ஒரு பங்கு ஷோகாலா மாறிடும், சுக்கு இன்னும் சுள்ளுன்னு உறைக்கிறது இதனாலதான். இந்த ரெண்டும் மூளையில வர்ற அழற்சியக் குறைக்குதுன்னு எலிகள்ல செஞ்ச ஆராய்ச்சி நிறைய இருக்கு, ஆனா எலிகிட்ட நல்லா வேலை செஞ்சுட்டு மனுஷங்ககிட்ட வந்ததும் தோத்துப்போன அல்சைமர்ங்கற மறதி நோய்க்கான மருந்துங்க ஏகப்பட்டது.

மனுஷங்கள வெச்சு செஞ்சதுல அடிக்கடி சொல்லப்படுறது 2012ல வந்த தாய்லாந்து ஆய்வு. நடுத்தர வயசுப் பெண்கள் 60 பேர மூணு குழுவாப் பிரிச்சு, ஒண்ணுக்கு மருந்தே இல்லாத டம்மி, மத்த ரெண்டுக்கும் தினம் 400 இல்லாட்டி 800 மில்லிகிராம் எக்ஸ்ட்ராக்ட், ரெண்டு மாசம் கொடுத்தாங்க. கவனம், ஞாபகம் ரெண்டும் கூடுச்சு, சரிதான், ஆனா அத்தனை பேரும் ஆரோக்கியமா இருந்தவங்க, உங்கம்மா மாதிரி மறதி ஆரம்பிச்சவங்க இல்ல, அதான் இங்க முக்கியம்.

எனக்கு இஞ்சியவிட அந்த மெட்ஃபார்மின்தான் கண்ணுல படுது. வருஷக்கணக்கா சாப்பிட்டா சிலருக்கு வைட்டமின் பி12 குறைஞ்சுடும், பி12 குறைஞ்சா மறதி வரும், கால் மரத்துப்போகும், எரியும். அம்மாகிட்ட பாதம் எப்படி இருக்குன்னு கேட்டுப் பாருங்க. பி12, தைராய்டு ரெண்டுக்கும் ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு, காது சரியா கேக்குதா, மனசு சோர்ந்து இருக்காங்களான்னும் பாக்கச் சொல்லி நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, இதுல பலதுக்கும் வைத்தியம் இருக்கு. மெட்ஃபார்மின நீங்களா நிறுத்திடாதீங்க.

இன்னொண்ணு, இஞ்சி அதிக டோஸ்ல ரத்தம் உறையறதக் குறைக்கலாம், ஆஸ்பிரினும் அதே வேலையத்தான் செய்யுது, ரெண்டும் சேந்தா ரத்தக்கசிவு ஆகுமோங்கற பயம் இருக்கு. டீல தட்டிப்போடுற இஞ்சி, துவையல் இதுக்கெல்லாம் பயப்பட வேணாம், தாராளமா சாப்பிடட்டும், கேப்சூல்னா மட்டும் ஹார்ட் டாக்டர்கிட்ட கேக்காம வேணாம்.

அப்புறம் அந்த கேஸ் விஷயத்த லேசா விட்டுடாதீங்க, டெஸ்ட் முடிஞ்சு ஒரு முடிவு தெரியற வரைக்கும் சமையல் முடிஞ்சதும் ரெகுலேட்டர வீட்ல வேற யாராவது மூடிடுங்க.